ஜவ்வாது மலை மண்ணில் கொக்கிப்புழு: ஐவரில் இருவருக்கு ஏன்?

ஜவ்வாது மலையின் பழங்குடிக் கிராமங்கள் 22-இல், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று மலம் சேகரித்துப் பரிசோதித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் எடுத்த அந்தக் கணக்கு 2013-இல் வெளியானது. மண் வழியாகப் பரவும் குடற்புழு 39 சதவீதம் பேருக்கு இருந்தது. அதில் கொக்கிப்புழு மட்டும் 38 சதவீதம். உருண்டைப்புழு, சாட்டைப்புழு போன்ற மற்றவை மிகச் சொற்பம்.

அதாவது, அந்த ஆய்வு நடந்த காலத்தில் ஒரு சாமைக் காட்டில் ஐந்து பேர் குனிந்து களை எடுத்தால், அவர்களில் இரண்டு பேர் தங்கள் குடலில் ரத்தம் குடிக்கும் புழுவைச் சுமந்துகொண்டுதான் எடுத்தார்கள்.

உழவியல் படித்தவனுக்கு மனிதக் குடலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கொக்கிப்புழு தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பகுதியை மண்ணில் கழிக்கிறது. மண்ணின் ஈரம், நிழல், வெப்பம், மணற்பாங்கு ஆகியவைதான் அது பிழைக்குமா, சாகுமா என்பதை முடிவு செய்கின்றன. எந்தக் காட்டில் எந்தப் பட்டத்தில் யார் வெறுங்காலுடன் நிற்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் அது யார் உடம்பில் ஏறும் என்று முடிவாகிறது. மருத்துவர் குடலில் இருப்பதைப் பார்க்கிறார். மண்ணில் இருப்பதை உழவர்தான் பார்க்க வேண்டும்.

மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. அங்கே காவலூரில் உள்ள வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்று பொருள்படும் பெயர் அது. கேரளத்து மலையாளிகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாமை முக்கியப் பயிர். தேன், புளி, கடுக்காய், பலா என்று காட்டு விளைபொருளும் வருமானம் தருகிறது.

குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. வீட்டுக்கும் காட்டுக்கும் நடை அதிகம். விடிந்ததும் காட்டுக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். வீட்டில் கழிப்பறை இருந்தாலும், பகலில் வேலை செய்யும் இடத்தில் இல்லை. மழைக்காலத்தில் சரிவில் செருப்பு வழுக்கும் என்று கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இறங்குவதும் வழக்கம். புழு பெருகுவதற்கு இந்தச் சூழ்நிலையே போதும்; மக்களின் சுத்தத்தைக் குறை சொல்வதற்கு இதில் எதுவும் இல்லை.

அதே ஆய்வில், வீட்டில் கழிப்பறை இருந்தவர்களிடமும், ஓரளவு நல்ல வீடும் வசதியும் உள்ளவர்களிடமும் புழு குறைவாகவே இருந்தது. தொற்று எல்லா ஊரிலும் சீராக இல்லாமல் கொத்துக் கொத்தாக இருந்ததும் தெரிந்தது. மண் வழியாகப் பரவும் எந்த நோயும் அப்படித்தான் இருக்கும். வேரழுகல் தாக்கிய நிலக்கடலை வயலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வயல் முழுக்கப் பட்டுப்போகாது. திட்டுத் திட்டாகத்தான் காயும்.

மண்ணில் நடக்கும் கதை

தொற்றுள்ள ஒருவர் திறந்த வெளியில் மலம் கழிக்கிறார். அதில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கும். நம் பகுதியில் அதிகம் காணப்படும் கொக்கிப்புழு வகைக்கு நெக்கேட்டர் அமெரிக்கானஸ் என்று பெயர். இதன் ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 9,000 முதல் 10,000 முட்டை வரை இடும். ஈரமும் நிழலும் இருந்தால் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து இளம்புழு வெளிவரும். மலத்திலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்களைத் தின்று இரண்டு முறை தோலுரித்து, 5 முதல் 10 நாளில் மனிதத் தோலைத் துளைக்கும் பருவத்தை அடையும்.

இந்தப் பருவத்தில் அது எதையும் தின்பதில்லை. சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துக்கொண்டே காத்திருக்கும். நல்ல ஈரமும் நிழலும் கிடைத்தால் 3, 4 வாரம் வரை தாக்குப்பிடிக்கும். நேரடி வெயில் பட்டாலோ, மண் முற்றிலும் காய்ந்தாலோ செத்துவிடும். மணல் கலந்த பொலபொலப்பான செம்மண் இதற்கு மிகவும் பிடிக்கும். இறுகிய களிமண்ணிலும், தண்ணீர் தேங்கிக் காற்றோட்டம் இல்லாத மண்ணிலும் அவ்வளவாகப் பிழைப்பதில்லை.

இளம்புழு பக்கவாட்டில் அதிக தூரம் போகாது. கிடந்த இடத்தைச் சுற்றி ஓரிரு அடிதான். ஆனால் மேலும் கீழும் நன்றாக நகரும். மேல்மண் காயும்போது ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். மழை பெய்ததும் மண் துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தைப் பிடித்து மேலே ஏறும். புல் நுனியில் ஏறியும் காத்திருக்கும். அதனால், போன இடத்தில் காலால் ஒரு கை மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. மேலாக மூடிய மண் வெயிலைத் தடுத்து, ஈரத்தைக் காத்து, புழுவுக்கு உதவிதான் செய்யும்.

திறந்த வெளிக்குப் போகிறவர்கள் எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மறைவு வேண்டும், எனவே புதர். வெயில் படக் கூடாது, எனவே மர நிழல். காட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். பெரும்பாலும் தினமும் அதே இடம். புழு கேட்பதும் அதே நிழலும் ஈரமும்தான். போன வாரம் விட்ட முட்டை இந்த வாரம் தயாராக இருக்கும் இடத்திலேயே, ஆள் திரும்ப வந்து வெறுங்காலுடன் நிற்கிறார்.

தோலைத் துளைத்த புழு ரத்த ஓட்டத்தில் கலந்து, இதயம் வழியாக நுரையீரலை அடைகிறது. அங்கிருந்து மூச்சுக்குழாயில் ஏறி, தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, சிறுகுடலைச் சேர்கிறது. அங்கே குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சத் தொடங்கும். காலில் ஏறிய நாளிலிருந்து முட்டையிடத் தொடங்குவதற்கு 5 வாரத்துக்கு மேல் ஆகும். பிறகு சில ஆண்டுகள்கூட உயிரோடிருக்கும். தோல் வழியாகப் புழு நுழைகிறது என்பதைக் கண்டவர் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. கெய்ரோவில் வேலை செய்தபோது, புழு இருந்த நீர் அவர் கையில் சிந்தி அரிப்பு எடுத்தது. பிறகு அவர் மலத்திலேயே முட்டைகள் வந்தன.

களை எடுக்கும்போது கால் விரல் இடுக்கிலும், கையிலும் ஏற்படும் அரிப்பு சில சமயம் இந்தப் புழு நுழைந்ததன் அடையாளம். ஆனால் நாம் சேற்றுப்புண் என்று சொல்வதெல்லாம் இதுவல்ல. அதில் பெரும்பகுதி பூஞ்சையால் வருவது. அரிப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மலப் பரிசோதனைதான் சொல்லும்.

ரத்தக் கணக்கு

நெக்கேட்டர் வகைப் புழு ஒன்று ஒரு நாளில் ஏற்படுத்தும் ரத்த இழப்பு சுமார் 0.03 மில்லி லிட்டர். ஒரு முழுச் சொட்டுகூட இல்லை. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். உடம்பில் 50 புழு இருந்தால் நாளுக்கு 1.5 மில்லி லிட்டர். மாதத்துக்கு 45 மில்லி லிட்டர்.

ஒரு பெண்ணுக்கு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லி லிட்டர் ரத்தம் போகிறது. ஆக, 50 புழுவைச் சுமக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் இன்னொரு மாதவிடாய்க்குச் சமமான ரத்தம், அவருக்கே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. அன்கைலோஸ்டோமா டியோடினேல் என்ற இன்னொரு வகைக் கொக்கிப்புழு இதைவிட ஐந்து மடங்குக்கு மேல் ரத்தம் குடிக்கும்.

ஜவ்வாது மலை ஆய்வில் பெரும்பாலோருக்கு இருந்தது லேசான தொற்றுதான். அது ஆறுதலான செய்தி. ஆனால் லேசான தொற்று என்பது முட்டை எண்ணிக்கையை வைத்துச் சொல்வது. இரும்புச்சத்து நிறைந்த உடம்புக்கு அது லேசானது. ஏற்கெனவே இருப்பு தீர்ந்த உடம்புக்கு அதுவே பெரிய ஓட்டை. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. இதற்குக் கொக்கிப்புழு மட்டுமே காரணம் அல்ல. உணவில் இரும்புச்சத்துக் குறைவு, அடுத்தடுத்த பேறுகாலம், பிற நோய்கள் எல்லாம் உண்டு. ஆனால் பாதிப் பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருக்கும் ஒரு மாநிலத்தில், ரத்தம் குடிக்கும் புழுவை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இது கூலியிலும் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து கொடுத்து ஆய்வு செய்தார்கள். 1979-இல் வெளியான அந்த ஆய்வில், இரும்புச்சத்து பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் அளவு கூடியது. இந்தோனேசிய ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் தொழிலாளர்களிடமும் இதே முடிவு கிடைத்தது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, நிரை முடிக்குமுன் உட்கார்ந்துவிடுகிறார் என்றால் அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். அவருடைய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

குட்டிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மந்தை தேறுமா?

ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். ஆட்டின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு ஒன்று உண்டு. அது அதிகமானால் கண் இமையின் உட்புறம் வெளுக்கும். தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கும். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? குட்டிகளுக்கு மட்டும் மருந்து ஊற்றி, தாய் ஆடுகளை விட்டுவிடுவீர்களா? விட்டால், தாய் ஆட்டின் புழுக்கையிலிருந்து மேய்ச்சல் நிலம் முழுவதும் மறுபடி புழு பரவும் என்று உங்களுக்குத் தெரியும்.

மனிதர்களிடம் நாம் செய்வது ஏறத்தாழ அதுதான். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-இல் தொடங்கியது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களை ஒட்டி, 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் நீங்கலாக, இதில் சேர்த்தார்கள். நல்ல திட்டம். உருண்டைப்புழுவுக்கு மிகவும் பொருத்தமானதும்கூட. அது குழந்தைகளிடம்தான் அதிகம்.

கொக்கிப்புழுவின் கணக்கு வேறு. வயது ஏற ஏற இந்தத் தொற்றும் ஏறும். 40 வயதிலும் 50 வயதிலும் காட்டில் வேலை செய்பவர்களிடம்தான் அதிகம் இருக்கும். ஒரு முறை வந்து போனால் அடுத்த முறை வராமல் தடுக்கும் எதிர்ப்புச் சக்தியும் உடம்பில் சரியாக உருவாவதில்லை. ஆக, முட்டைகளை மண்ணில் சேர்ப்பவர்களில் பெரும் பங்கு பெரியவர்கள். மாத்திரை கிடைப்பது பிள்ளைகளுக்கு.

ஊர் முழுவதற்கும் மருந்து கொடுத்தால் பரவலை நிறுத்த முடியுமா என்ற கேள்வியோடு, ‘டிவார்ம் 3’ என்ற பெரிய ஆய்வு இந்தியா, பெனின், மலாவி ஆகிய மூன்று நாடுகளில் நடந்தது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்கள் தமிழ்நாட்டின் திமிரியும் ஜவ்வாது மலையும்தான். ஒரு பகுதி ஊர்களில் சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் ஆண்டுக்கு இரு முறை மாத்திரை. இன்னொரு பகுதியில் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு மட்டும். உலகம் கேட்ட கேள்விக்கு விடை தேட நம் மலை மக்கள் மாதிரி கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பெருமையோடு சொல்லலாம்.

களை போனது, விதை போகவில்லை

மாத்திரையின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அல்பெண்டசோல் 400 மில்லி கிராம் மாத்திரை ஒன்று சாப்பிட்டால், கொக்கிப்புழு உள்ள பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு முற்றிலும் நீங்கும். மற்றவர்களுக்கும் புழு எண்ணிக்கை நன்றாகக் குறையும். ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டில் கொக்கிப்புழுத் தொற்று பழைய அளவில் பாதிக்கு மேல் திரும்பிவிடுகிறது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். களைக்கொல்லி தெளித்தால் முளைத்த களை சாகும். மண்ணில் கிடக்கும் விதை சாகாது. அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். விதை விழாமல் தடுத்தால்தான் களை ஆண்டுக்கு ஆண்டு குறையும். மாத்திரை குடலில் உள்ள புழுவைக் கொல்கிறது. மண்ணில் காத்திருக்கும் புழுவை அது தொடுவதில்லை. ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கோரையின் கிழங்கு மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கொக்கிப்புழுவோ சில வாரம்தான் தாங்கும். புதிதாக முட்டை விழாமல் ஒரு கோடை முழுவதும் பார்த்துக்கொண்டால் அந்த இடத்து மண் தானாகவே சுத்தமாகிவிடும்.

மாத்திரை சாப்பிடும் நாளுக்கும் மண்ணின் நிலைக்கும் தொடர்பு உண்டு. பிப்ரவரியில், தை முடியும்போது, மானாவாரி மண் காயத் தொடங்கியிருக்கும். அப்போது குடலைச் சுத்தம் செய்தால், திரும்ப ஏறுவதற்கு மண்ணில் புழு குறைவு. ஆகஸ்டில், ஆடி ஆவணியில், சாமைக் காட்டில் களை எடுப்பு நடக்கும். மண் ஈரம், கால் வெறுமை, கை மண்ணில். அந்தச் சமயத்தில் மாத்திரையோடு செருப்பும் கழிப்பறையும் சேர்ந்தால்தான் பலன் நிற்கும்.

நூறாண்டுப் பாடம்

இது புதிய பிரச்சினை அல்ல. 1909-இல் அமெரிக்காவில் ராக்பெல்லர் நிதியுதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, தெற்கு மாநிலங்கள் பதினொன்றில் சுமார் 40 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்ததாகக் கண்டார்கள். பருத்தியும் புகையிலையும் விளைந்த மணற்பாங்கான நிலம், வெறுங்கால், கழிப்பறை இல்லாத வீடுகள். அங்கும் ஏழை உழவர்களைச் சோம்பேறிகள் என்றுதான் மற்றவர்கள் பேசினார்கள். 1902-இல் இந்தப் புழுவுக்குப் பெயர் வைத்த சார்லஸ் ஸ்டைல்ஸ், அவர்களுடையது சோம்பல் அல்ல, நோய் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்.

1916-இல் இதே இயக்கம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்கள். மருந்து கொடுத்தார்கள், புழு குறைந்தது. கழிப்பறை கட்டாத லயன் வீடுகளில் மறுபடி ஏறியது. அமெரிக்கத் தெற்கில் புழு நிரந்தரமாகக் குறைந்ததற்கு மருந்து மட்டும் காரணம் அல்ல. கழிப்பறையும், காலணியும், கூலி உயர்வும், நல்ல வீடும் சேர்ந்து வந்ததே காரணம். ஜவ்வாது மலை ஆய்வில் நல்ல வீடும் கழிப்பறையும் உள்ளவர்களிடம் புழு குறைவாக இருந்தது அதே பாடத்தைத்தான் சொல்கிறது.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்கள்

மாட்டுச் சாணத்தால் கொக்கிப்புழு வருமா? வராது. மனிதரிடம் ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு மாட்டுச் சாணத்திலோ ஆட்டுப் புழுக்கையிலோ இருப்பதில்லை. தொழு உரம் இடுவதை நிறுத்த வேண்டாம். சாணம் அள்ளுவதாலோ, வீடு மெழுகுவதாலோ இந்தப் புழு ஏறாது.

நாய்களால் வருமா? நாய்களுக்கும் கொக்கிப்புழு உண்டு. அதில் சில வகை மனிதத் தோலில் நுழைந்து, குடலுக்குப் போக வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே கோடு கோடாக ஊர்ந்து கடும் அரிப்பைத் தரும். அன்கைலோஸ்டோமா செய்லானிகம் என்ற வகை மட்டும் நாயிலும் மனிதரிலும் வளரக்கூடியது. எனவே காவலுக்கு வளர்க்கும் நாய்க்கும் கால்நடை மருத்துவரிடம் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள்.

செப்டிக் டேங்க் கழிவைத் தென்னைக்கும் வாழைக்கும் விடலாமா? லாரியில் வரும் பச்சைக் கழிவை நேரடியாக நிலத்தில் விடக் கூடாது. இலவச உரம் என்று நினைத்து விட்டால், அந்த நிலத்தில் இறங்கும் ஒவ்வொரு காலுக்கும் அது ஆபத்து. கொக்கிப்புழு முட்டையைவிட உருண்டைப்புழு முட்டை மண்ணில் பல மடங்கு அதிக காலம் உயிரோடிருக்கும். கழிவை சுத்திகரிப்பு நிலையத்துக்கே அனுப்புங்கள்.

இரட்டைக் குழிக் கழிப்பறை உரத்தை இடலாமா? இடலாம், பொறுமை வேண்டும். ஒரு குழி நிறைந்ததும் அதை மூடி, அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை தொடக் கூடாது. அதற்குள் புழு முட்டைகள் செத்து, கழிவு மண் போல நாற்றமில்லாமல் பொலபொலப்பாகிவிடும். பிறகு மரப் பயிர்களுக்கு இடலாம். மலைப் பகுதியில் குழி எடுக்கும்போது கிணறு, ஊற்று ஆகியவற்றிலிருந்து தள்ளி, நீரோட்டத்துக்குக் கீழ்ப்புறமாக எடுங்கள்.

ஆட்டுக்கு வாங்கிய அல்பெண்டசோலை நாமும் குடிக்கலாமா? கூடவே கூடாது. மருந்தின் பெயர் ஒன்றுதான். செறிவும் தயாரிப்பும் வேறு. மனிதருக்கான மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆடுகளில் ஒரே மருந்தை அளவில்லாமல் திரும்பத் திரும்பக் கொடுத்ததால், அந்த மருந்துக்குக் கட்டுப்படாத புழுக்கள் உலகெங்கும் பெருகிவிட்டன. மனிதருக்கான மருந்தையும் நாமே வாங்கி இஷ்டப்படி சாப்பிடக் கூடாது.

செருப்பு போட்டால் போதுமா? பெரிய பாதுகாப்பு அது. ஆனால் முழுப் பாதுகாப்பு அல்ல. களை எடுக்கும் கை வழியாகவும் புழு ஏறும். ஈரக் காட்டில் வார்ச் செருப்பைவிட, காலை மூடும் ரப்பர் காலணி நல்லது. நெல் நடவில் காலணி போட முடியாது என்பது உண்மை. ஆனால் சாமை, கேழ்வரகு, கொள்ளு, காய்கறிக் காடுகளில் தாராளமாகப் போடலாம். வேலை முடிந்ததும் கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள்.

வீட்டிலும் ஊரிலும் செய்ய வேண்டியவை

காட்டில் வேலை செய்யும் நீங்கள் தொடர்ந்த களைப்பு, மூச்சு வாங்குதல், வெளுத்த நகம், வெளுத்த கண் இமை ஆகியவற்றைக் கவனித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் கேளுங்கள். மலத்தைக் கொடுத்த அன்றே, விரைவாகப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடித் தகட்டில் பூசிய பிறகு நேரம் கடந்தால் கொக்கிப்புழு முட்டை கரைந்து மறைந்துவிடும். இருப்பவருக்கும் இல்லை என்று முடிவு வரும். தொலைவான மலைக் கிராமங்களில் தொற்று கண்ணில் படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புழு மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள். இழந்த ரத்தத்தை ஈடுகட்ட இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும். அதை டீ, காபியோடு சாப்பிட்டால் உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போன்றவற்றோடு சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் புழு மாத்திரை சாப்பிடக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் தவிர்க்க வேண்டும்.

பள்ளியில் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கும் நாளில், வீட்டில் உள்ள பெரியவர்களும் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். பிள்ளைக்குப் பள்ளியில் புழு நீங்கி, அப்பா அம்மா வழியாகக் காட்டு மண்ணில் மறுபடி சேர்ந்தால் அந்த மாத்திரை பாதி வீண்.

கிராம சபைக் கூட்டத்தில் வீட்டுக் கழிப்பறை பற்றி மட்டும் பேசாமல், காட்டுப் பக்கம் கழிப்பறை பற்றியும் பேசுங்கள். நாள் முழுவதும் இருபது முப்பது பேர் வேலை செய்யும் பகுதிக்கு ஒரு குழிக் கழிப்பறை என்றால் செலவு பெரிதல்ல. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் விதைக்கும் எந்திரத்துக்கும் திட்டம் போடும்போது, களை எடுக்கும் பெண்களுக்குக் காலணியையும் கையுறையையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். தண்ணீர் வராததால் பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளை எண்ணி, எழுத்தில் கொடுங்கள். கட்டியதன் கணக்கு அரசிடம் இருக்கும். பயன்படுவதன் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது.

சாமைக்கு இப்போது நகரத்தில் நல்ல விலை. சத்தான தானியம் என்று தேடி வாங்குகிறார்கள். அதை விளைவிக்கும் பெண்ணின் உடம்பில் ரத்தம் நிற்க, ஆண்டுக்கு இரண்டு மாத்திரை, ஒரு சோடிக் காலணி, காட்டோரம் ஒரு கழிப்பறை வேண்டும். வரும் ஆடிப் பட்டத்துக்கு விதை எடுத்து வைக்கும்போதே இந்த மூன்றுக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.